உணவும் பெயரும்: வட்டுக்கோட்டை உண்டுறை பள்ளியில் மாணவர் வாழ்வு

'உண்டுறை பள்ளி' என்னும் தமிழ்த் தொடரில் உண்ணுதல் முதலிலும் உறைதல் அதன் பின்னும் நிற்கின்றன. ஆங்கிலத்தின் 'போர்டிங்' என்னும் சொல்லும் பலகையில் தொடங்கி, உணவு மேசைக்கு வந்து, பின்னர் மேசைமீது இடப்படும் உணவையே குறிக்கலாயிற்று. நம் நாட்டு மலாய் வழக்கான 'செக்கோலா பெராஸ்ராமா' என்பதிலோ ஆசிரமம் என்னும் வடசொல் நின்று, மனையை முன்வைக்கிறது. சொல்லாராய்ச்சியாளர்க்கு இது ஒரு சிறு வேடிக்கை. ஆயினும், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடைபெற்ற உண்டுறை பள்ளியின் வரலாற்றைப் படிப்போர்க்கு, தமிழ்த்தொடரின் சொல்லடைவு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். அங்கே உறைதல் எளிதாயிருந்தது, உண்ணுதலே சிக்கலாயிருந்தது.

மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. மலாயாவின் அரசு அலுவலகங்களிலும் இருப்புப்பாதைத் துறையிலும் எழுத்தர்களாகப் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்தார் பெற்றிருந்த ஆங்கிலக் கல்வியின் தொடக்க வேர்களுள் ஒன்று வட்டுக்கோட்டையில் இருக்கிறது.

அமெரிக்க மிசனைச் சேர்ந்தோர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயக் கட்டடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. முதலில் சிறு உண்டுறை பள்ளிகள் தோன்றின. அவற்றில் தேறிய மாணவரைக் கொண்டு 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி உருவாயிற்று. தானியேல் பூவர் அதன் தலைவரானார். தமிழ், ஆங்கிலம், வடமொழி, கணிதம், வானியல், அளவையியல் முதலியன பாடங்களாயின.

ஊர்த் திண்ணைப் பள்ளியில் பயிலும் சிறுவன் பொழுதேறியதும் வீட்டிற்குச் சென்று தாயின் கையால் உண்பான். ஆசிரியர் யாராயினும் அடுப்பு அவனுடைய வீட்டு அடுப்பே. உண்டுறை பள்ளி இந்த அடுப்பை மாற்ற முற்பட்டது. கல்வியை விரும்பிய பெற்றோரும் கிறித்தவர் வளாகத்தில் சமைத்த சோற்றைத் தம் பிள்ளைகள் உண்பதற்கு இசையவில்லை. எனவே, தொடக்கத்தில் மாணவர்க்கான சமையல் மிசன் நிலத்திற்கு வெளியே நடைபெற்றது. பாடம் ஓரிடம், சோறு வேறிடம் என்றாயிற்று. மாணவருள் பெரும்பாலோர் வேளாளர். எல்லா மாந்தரும் ஒன்றெனக் கற்பிக்க வந்த நிறுவனம், அடுப்பின் முன்னே சாதியோடு உடன்பாடு செய்துகொண்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவ்வுடன்பாடு இல்லையேல் பள்ளியே நடந்திராது என்பதும் உண்மை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அப்பள்ளியின் வாயிலைக் காணாத பிற சாதிப் பிள்ளைகள்.

1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் உண்டுறை பள்ளியின் மரபிலும் உணவே முதற்செய்தியாக வருகிறது. மழைக்கு ஒதுங்கிய இரு சிறுமியர் மிசன் வீட்டில் தங்க நேர்ந்தது; மழை விடவில்லை; பசி தாங்காமல் உண்டனர்; பின்னர் அங்கேயே கற்கத் தொடங்கினர் என்பர். பெண் எழுத்தறிதல் தகாது என்றிருந்த ஊரில், படித்து வெளியேறும் பெண்ணுக்குச் சீதனமும் மிசனே கொடுத்தது. எழுத்தறிந்த பெண்ணை யார் மணப்பார் என்ற பெற்றோரின் அச்சத்திற்கு அது விடையாயிற்று. செமினரி மாணவர்க்குப் படித்த மனைவியரும் கிடைத்தனர். கல்வியால் சீதனம் ஒழியவில்லை, சீதனத்தின் துணையால் கல்வி நுழைந்தது!

அடுத்தது பெயர். அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர் ஒரு மாணவனின் செலவை ஏற்றால், தாம் விரும்பிய பெயரை அவனுக்கு இடலாம். இவ்வாறு, ஊரில் விசுவநாதனாக இருந்தவர் கறல் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். கடல் கடந்த ஊரில், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒருவரின் நினைவுக்கு ஒரு சிறுவன் நடமாடும் கல்வெட்டானான். நாம் இதனை வன்மையாகவே கூறுகிறோம். பெயர் என்பது சொற்களுள் ஒரு சொல் மட்டுமன்று; அழைப்பவர்க்கும் அழைக்கப்படுபவர்க்கும் இடையிலுள்ள உறவு அது.

எனினும் அம்மாணவர்கள் புதுப்பெயருக்குள் மறைந்துவிடவில்லை. பள்ளிப்பெயரைத் தலைப்பெயராக்கி, வீட்டுப்பெயரைப் பின்னே நிறுத்தினர். கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் தொடர்களில் தமிழ்ப்பெயரே தலைமைச் சொல்லாக நிற்பதையும், அயற்பெயர் அதற்கு அடையாகத் தாழ்வதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அளவையியலை ஆங்கிலவழி அறிந்த சிதம்பரப்பிள்ளை அதனை 'நியாய இலக்கணம்' எனத் தமிழில் எழுதினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்துப் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டார். 1841இல் தோன்றிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்களும் செமினரி மாணவர்களே.

மிசன் தலைமைக்கு இவ்விளைவு போதவில்லை. மாணவர் ஆங்கிலம் கற்று அரசுப் பணிக்குச் செல்கின்றனர், சமயப் பணிக்கு வருவோர் சிலரே என்பது அவர்கள் குறை. அமெரிக்காவிலிருந்து வந்த குழுவின் ஆய்வுக்குப் பின் 1855இல் செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரியாக அதே இடத்தில் மீண்டும் கல்வி தொடங்க 1872 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வெளியேறிய மாணவர் ஒருவருக்குச் சார்ல்ஸ் வின்சிலோ என்பது பள்ளியிட்ட பெயர். அவரும் அவருடைய ஆசிரியர் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறினர். பிற்காலத்தில் சைவராகவே வாழ்ந்த அவர், ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்.

நாம் இலக்கண வரலாறு கற்பித்த ஆண்டுகளில், அவர் பெயரின் தலைப்பெழுத்துகளை விரித்தெழுதுமாறு மாணவரைக் கேட்பதுண்டு. ஆங்கிலத்தில் எழுதுவோர் 'சி. டபிள்யூ.' என்பர், அது சார்ல்ஸ் வின்சிலோ. தமிழில் எழுதுவோர் 'சி. வை.' என்பர், அது அவர் ஊராகிய சிறுப்பிட்டியும் தந்தையாராகிய வைரவநாதரும். தாமோதரம்பிள்ளை என்னும் பெயர் இரண்டிலும் மாறவில்லை.