தொட்டிக்குள் பிறந்த கிடார்

அந்தக் கிடார் ஒலி பிறந்தது அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், 1958 வாக்கில். டுவேன் எடி என்ற இளைஞர் கிடாரின் தடித்த தந்திகளிலேயே மெட்டு முழுவதையும் வாசித்தார். தயாரிப்பாளர் லீ ஹேஸில்வுட்டுக்கு எதிரொலி தேவைப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடத்திலோ அதற்கான அறை இல்லை. 2,000 காலன் பிடிக்கும் காலித் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வாங்கிப் போட்டு, உள்ளே ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்தார். (அதைவிடப் பெரிய தொட்டிகளை நாமக்கல்லில் லாரி மேல் கட்டித் தெருவுக்குத் தெரு நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே பாட்டுப் போட்டுப் பார்க்க யாருக்கு நேரம்!)

எடி வாசித்தது அமெரிக்கக் கிராமியப் பாணியான கன்ட்ரி பாட்டுக்காரர்களின் கிடார்தான். தொட்டிக்குள் போய்வந்ததும் அதில் இருட்டு ஏறிவிட்டது. யாரோ பின்னால் வருகிறார்கள் என்று சொல்லும் ஒலி. சினிமா விடுமா? 1962-இல் ஜேம்ஸ் பாண்டின் முகப்பிசையில் விக் ஃபிளிக் அந்த வகைக் கிடாரை வாசித்தார். 1964-இல் இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே அதைக் கௌபாய் படத்துக்குள் கொண்டுபோனார்.

அடுத்த நிறுத்தம் சேலம். ஏற்காடு அடிவாரத்தில் டி. ஆர். சுந்தரம் கட்டிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ, 1963-இல் அவர் மறைந்தபின் மகன் ராமசுந்தரம் கைக்கு வந்திருந்தது. 1966-இல் நடிகர் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’; 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’. மூன்றுக்கும் இசை வேதா. இந்தி மெட்டை அப்படியே எடுப்பவர் என்று அவருக்கொரு பெயர் உண்டு. மெட்டு இரவல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எல். ஆர். ஈஸ்வரியின் கிளப் பாட்டில் குரலை விட்டுவிட்டுப் பின்னால் அந்தக் கிடார் செய்வதைக் கேளுங்கள். அந்த மிரட்டலும் குறும்பும் எந்த இந்திப் படத்துக்கும் கடன்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இதே ஒலி பெரிய மேடைகளை விட்டுச் சிறு குழுக்களிடம் தலைமறைவானது. 1976-இல் நியூயார்க்கில் கிளம்பிய ‘தி கிராம்ப்ஸ்’ குழுவின் கிடார் கலைஞர் பாய்சன் ஐவி, டுவேன் எடியைத் தன் ஆசான்களில் ஒருவராகச் சொன்னவர். லாஸ் ஏஞ்சலஸின் ‘தி கன் கிளப்’ 1981-இல் வெளியிட்ட ‘ஃபயர் ஆஃப் லவ்’ தொகுப்பில் கராஜ் ராக்கின் முரட்டுத்தனமும் ப்ளூஸும் கன்ட்ரிப் புலம்பலும் ஒன்றாகக் கொதித்தன. அங்கே அந்த ஒலிக்கு நாலு பேர் கொண்ட குழு இருந்தது, பெயர் இருந்தது, சண்டை இருந்தது. இங்கே அது மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் வேலைக்குச் சேர்ந்தது. வாசித்தவர் பெயர் டைட்டிலில் வராது. வில்லன் வந்தால் வாசி, ஜெய்சங்கர் வந்தால் நிறுத்து. குழுவாக முளைக்க வேண்டியது பின்னணி இசையாகவே தங்கிவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

மாடர்ன் தியேட்டர்ஸ் 1980-களில் மூடப்பட்டது. 2010-இல் இயக்குநர் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தபோது அந்தப் படத்தின் கௌபாய் ஊருக்கு, அதே ஜெய்சங்கரின் நினைவாக, ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். தொப்பி, குதிரை, துப்பாக்கி என்று எல்லாமே கேலியாகத் திரும்பி வந்தன. கேலி நன்றாகவே இருந்தது. எனக்கு வேதாவின் படங்களில் சிரிக்காமல் வந்த கிடார்தான் பிடிக்கும்.