மகா மாரியம்மன் கோயில், கோலாலம்பூர்

ஜாலான் துன் எச்.எஸ். லீ சாலையில், சீனர்களின் குவான் தி கோயிலுக்கு அருகே உள்ள அம்மன் கோயில். 1873இல் கா. தம்புசாமிப் பிள்ளை நிறுவினார்; முதலில் குடும்பக் கோயிலாக இருந்து, பின்னர் பொதுமக்கள் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. 1885இல் இப்போதைய இடத்துக்கு மாறியது.

இதன் பெருமை ஐந்நிலை இராசகோபுரம். சுமார் 23 மீட்டர் உயரம். 228 சுதைச் சிற்பங்கள். 1968இல் எழுந்த புதிய கட்டடத்தின் பகுதி இது. சுதை கல்லைப் போன்றதன்று. வெயிலும் மழையும் அதை அரிக்கும். வண்ணம் புதுக்கவும் உடைந்த விரல்களை மீண்டும் வனையவும் கைத்திறன் அற்றுப்போகாமல் இருக்க வேண்டும். கோபுரத்தைக் காண்போர் அந்தக் கைகளையும் நினைக்க வேண்டும். வாசலில் பூத்தொடுப்பவர்களின் மாலைகளும் இக்கோயிலின் கலையே.

தைப்பூசத்துக்கு முன்னர் வெள்ளித்தேர் இங்கிருந்தே பத்துமலைக்குப் புறப்படுகிறது.