ஏடும் அச்சும் இளைஞர் வாசிப்பும்

சென்ற ஆண்டு நமது மன்றத்தின் பொதுக்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "வாசிகசாலைக்குள் கையடக்கத் தொலைபேசியைக் கொண்டுவரக் கூடாதென்று தீர்மானம் போடுங்கள், பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுகிறார்களில்லை" என்றார். இளைஞர் இருந்த பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பெரியவரின் மனத்தாங்கலில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், எழுத்தைத் தாங்கும் கருவி மாறியபோதெல்லாம் நம் பிள்ளைகளின் வாசிப்பு எவ்வாறு மாறியது என்பதை ஆராய்ந்த பின்னரே அத்தீர்மானத்துக்குக் கையுயர்த்துவது தகும் என்பது நம் கருத்து.

பனையோலைக்கு நம் தீவுகளில் என்றும் குறைவிருந்ததில்லை. ஆனால் ஏட்டை எடுத்த மாத்திரத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வாசித்துவிட முடியாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் ஆதலின், மெய்யெழுத்துக்குப் புள்ளியிடார். எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்பது தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவாக இருந்தமையால் பாவை என்பதும் பரவை என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். பெண்ணா, கடலா என்பதை இடம் நோக்கித்தான் துணிய வேண்டும்! எனவே முன்னரே பாடமறிந்த ஆசிரியர் ஒருவர் அருகிருந்தாலன்றி ஏடு பேசாது. வாசிப்பு என்பது பெரும்பாலும் கேட்பதாகவே இருந்தது. கோயிலிலே ஒருவர் கந்தபுராணத்தை இராகத்தோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, இளைஞர் சுற்றியிருந்து கேட்டனர். அதில் இன்பம் இல்லையென்பார் யார்? ஆனால் அது கூடியிருந்து பெற்ற இன்பம். தனியே ஒரு மூலையில் ஒரு நூலோடு ஒதுங்கும் இன்பம் அன்று.

அவ்வின்பத்தை நமக்குத் தந்தது அச்சியந்திரமே. 1820இல் அமெரிக்க மிஷனுக்கென ஓர் அச்சாளர் யாழ்ப்பாணம் வந்தார். தேசாதிபதி அவரை நாட்டில் தங்கவே விடவில்லை. 1834இல்தான் மானிப்பாயில் அம்மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்ற நல்லூர் இளைஞர் ஒருவர், அச்சின் வலிமையைக் கண்ணாரக் கண்டார். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரையே குறிப்பிடுகின்றோம். மிஷன் பாடசாலையிற் படித்த நாம் இதைச் சைவ மன்றத்து மலரில் எழுதக் கூசவில்லை. பாதிரிமார் கையில் இருந்த கருவியைத் தம் கையிலும் எடுத்ததன்றோ நாவலர் பெருமானின் மதிநுட்பம்! 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த அவர், மறு ஆண்டே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். பாலபாடங்களும், 1852இல் பெரியபுராண வசனமும் வெளிவந்தன. புள்ளியும் இடைவெளியும் நிறுத்தக் குறிகளும் கொண்ட தெளிந்த வசனம் அது. பயன் சொல்வார் எவருமின்றி, எழுத்தறிந்த ஒரு சிறுவன் கண்ணப்ப நாயனார் கதையைத் தானே வாசித்துக் கண்ணீர் விடலாயிற்று.

அச்சைப் பற்றிப் பேசுகையில் நம் தீவகத்தார் ஒருவரை மறத்தலாகாது. 1913இல் கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்பித்தார். அது மிஷனரிமார் மொழி பயிலப் பிறந்த நூல்; இளைஞர் பொழுதுபோக்குக்கு ஆனதன்று.

பொழுதுபோக்கு நூல்கள் நாவலோடும் சஞ்சிகையோடும் வந்தன; முதியோர் கண்டனமும் கூடவே வந்தது. பாடப்புத்தகத்தினுள் கதைப்புத்தகத்தை ஒளித்து வாசித்து அடிவாங்கியவர்கள் இன்று நம் மன்றத்திலே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மரியாதையோடு நினைவூட்டுகிறோம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தது. அடுத்த இதழுக்குக் காத்திருத்தலே அவ்வாசிப்பின் பாதி இன்பம். தாள்களைக் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டி வைத்தனர். அத்தகைய கட்டு ஒன்று, இரண்டாம் பாகம், நம் வாசிகசாலையில் இருக்கிறது.

அடுத்து வந்த காலத்தை விரித்துரைக்க மனம் வரவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 1990இல் போர் தீவகத்துக்கு வந்தபோது பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். அலுமாரியைத் தலையிற் சுமந்து ஓட ஒருவராலும் இயலாது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. காகிதத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பஞ்சம். ஆயினும் போத்தல் விளக்கின் முன்னிருந்து வாசித்த தலைமுறை அது. ஈருருளியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் அதுவே.

எரிந்ததும் கறையான் தின்றதும் போக எஞ்சிய ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் படம்பிடித்துப் பாதுகாக்கும் பணியை 2005இல் 'நூலகம்' இணையத்தில் தொடங்கியது. பெரியவர் வாசலிலே தடுக்கச் சொன்ன கருவிக்குள்ளேதான் 'ஈழகேசரி'யும் 'மறுமலர்ச்சி'யும் இன்று கிடைக்கின்றன. இதை அவர் அறியார் போலும். ஆனால் இளைஞர் கட்சியின் வாதமும் முழு உண்மையன்று. அந்தப் பழைய பக்கத்தை உள்ளங்கையளவு திரையிற் பெருப்பித்து, வரி வரியாக நகர்த்தி வாசிக்கையில், மூன்றாம் வரிக்குள் ஒரு செய்தி வந்து விழுகிறது. பின்னர் ஒரு காணொளி. வாசித்த பக்கம் எங்கோ போய்விடுகிறது. அச்சுப் புத்தகம் தந்த தனிமையை இக்கருவி தருவதில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு போகும் படகில், அலைவரிசை நழுவும் சில நிமிடங்களிலேதான், நாம் இறக்கி வைத்த கதைகளை நிம்மதியாக வாசித்திருக்கிறோம்.

மேற்சொன்ன கட்டைச் சென்ற மார்கழியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எடுத்துப் போனான். கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் படகு வலிக்கும் பூங்குழலி அவனைப் பிடித்துக்கொண்டாள். கட்டின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு தாள்களைக் கறையான் அரித்திருந்தது. அவன் எஞ்சிய அத்தியாயங்களைத் தொலைபேசியிலே தேடிப் பிடித்து இரவோடிரவாக வாசித்து முடித்தான். மறுநாள் மாலை கட்டைத் திருப்பித் தந்து, "அண்ணை, மூன்றாம் பாகம் இருக்கிறதா?" என்று கேட்டான். "போனில் இருக்குமே" என்றோம். "இருக்கு. எனக்குப் புத்தகமாத்தான் வேணும்" என்றான். அலுமாரியைத் துழாவிப் பார்த்தோம். இல்லை.