மாணவரின் உடலுக்கு யார் பொறுப்பு?

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் நூலகத்தைப் பற்றி எழுதுவர். ஆய்வகத்தைப் பற்றி எழுதுவர். பட்டமளிப்பு மண்டபம் கட்டப் பொருள் ஈந்த வள்ளலுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குவர். வளாகத்தின் ஓரத்தில் நிற்கும் மாணவர் மருத்துவ நிலையத்தை எழுதுவோர் அரியர். காய்ச்சலும் தொண்டை வலியுமாக வருவோர் மாத்திரை பெற்றுச் செல்லும் இடத்துக்கு என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்ற எண்ணமே காரணமாகலாம். அமெரிக்காவைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. வீட்டை விட்டுப் படிக்க வந்த இளையவரின் உடலுக்கு யார் பொறுப்பு, அவ்வுடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்னும் வழக்கு அங்கே நூறாண்டுக்கு மேலாக அந்த நிலையத்தின் வாசலில்தான் நடந்து வந்திருக்கிறது.

தொடக்கம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி. மாணவர்கள் படிப்பின் நடுவே, அதிலும் இளவேனிற் பருவத்தில், உடல் நொடிந்து விழுவதையும் சிலர் இறப்பதையும் கண்டு கல்லூரித் தலைவர் வில்லியம் ஸ்டேர்ன்ஸ் கவலையுற்றார். 1860-இல் உடற்பயிற்சிக் கூடம் எழுந்தது. உடல்நலத்துக்கென ஒரு துறையும் உருவானது. முதலில் அமர்த்தப்பட்ட மருத்துவர் தம் உடல்நலம் குன்றியதால் விலகினார் என்பது வரலாற்றின் குறும்பு. அடுத்து 1861-இல் வந்த எட்வர்ட் ஹிட்ச்காக் 1911-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். மாணவர் ஒவ்வொருவரின் உயரம், எடை, மார்பளவு, கைவலிமை அனைத்தையும் ஆண்டுதோறும் அளந்து குறித்தார். உடற்பயிற்சி கட்டாயமாயிற்று. அன்புள்ள மனிதர்தான், ஐயமில்லை. எனினும் அங்கே மாணவன் அளக்கப்பட்டானே ஒழிய, எதுவும் கேட்கப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்தப் பெற்றோர் பாவனை பிற இடங்களிலும் உண்டு. பிரின்ஸ்டனில் 1893-இல் திறக்கப்பட்ட மருத்துவமனைக்கு முன்னாள் தலைவரின் மனைவி இசபெல்லா மக்காஷின் பெயரை இட்டனர். நோயுற்ற மாணவர்களை அறைக்கே சென்று பார்த்து வந்த அம்மையார் அவர். ஆனால் தாய்மை மட்டும் போதாது என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கும் இத்தாக்கா நகரம் 1903-இல் கண்டது. தனியார் நிறுவனம் ஒன்று வடிகட்டாத ஓடைநீரை ஊருக்கு வழங்கிக்கொண்டிருந்தது. அந்த நீர்வழியே குடற்காய்ச்சல் பரவியது. பல்கலைக்கழகத்தின் சிறு மருத்துவமனையில் இடம் போதவில்லை. அஞ்சிய மாணவர்கள் ஊர்களுக்கு ஓடினர். சிலர் தத்தம் வீட்டில் இறந்தனர். மாண்ட மாணவர் 29 பேர். மாணவர்களின் மருத்துவச் செலவை ஆண்ட்ரூ கார்னெகி ஏற்றார். வளாகத்துக்கு நீர் வடிகட்டும் அமைப்பும் அவர் பொருளால் வந்தது. செல்வரின் கொடையை நம்பி ஒரு பல்கலைக்கழகம் எத்தனை கொள்ளைநோய்களைத் தாண்ட முடியும்?

அதற்கு விடைபோல் அமைந்தது கலிஃபோர்னியாவின் பெர்க்லி. சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் சிதைத்த 1906-ஆம் ஆண்டிலேயே, மாணவர் யாவரும் பருவந்தோறும் சிறு கட்டணம் செலுத்த, நோயுற்றவர் மருத்துவரையும் படுக்கையையும் பெறும் முறை அங்கே வந்தது. நலமாயிருப்பவர் நோயுற்றவர்க்காகத் தருகிறார், எளிய கணக்குத்தான். ஆனால் கொடை அதனால் உரிமையாகிறது. 1910-இல் பிரின்ஸ்டன் மனநலச் சேவையைத் தொடங்கியது; 1920-இல் இத்தகைய நிலையங்களுக்கென நாடு தழுவிய சங்கமும் அமைந்தது.

கட்டணம் செலுத்தியவர் எதைக் கேட்கலாம் என்ற சிக்கல் பின்னர் எழுந்தது. 1965-இல் ரோட் ஐலண்டின் பிரவுன் பல்கலைக்கழக மருத்துவ இயக்குநர் ராஸ்வெல் ஜான்சன், மணமாகாத மாணவியர் இருவருக்குக் கருத்தடை மாத்திரை எழுதித் தந்த செய்தி வெளியாகி நாடெங்கும் சர்ச்சையானது. இருவரும் இருபத்தொரு வயது கடந்தவர்கள். இருந்தும் பல்கலைக்கழகம் பெற்றோரின் இடத்தில் நிற்கிறது என்ற பழங்கொள்கை கூச்சலிட்டது. அக்கொள்கை 1961-இலேயே நீதிமன்றத்தில் அடிபட்டிருந்தது. இனப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய கறுப்பின மாணவர்களை அலபாமாவில் விசாரணையின்றி நீக்கியது செல்லாது என்ற தீர்ப்பு அது. மணமாகாதோர்க்கும் கருத்தடைச் சாதனம் பெறும் உரிமை உண்டென உச்ச நீதிமன்றம் 1972-இல் கூறியது.

ஆயினும் நாம் வியந்து நின்றது பெர்க்லியின் கோவல் மருத்துவமனையின் கதையில்தான். 1930-இல் திறக்கப்பட்ட வளாக மருத்துவமனை அது. எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர் 1962-இல் அரசியல் பயில அங்கு வந்தார். பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். இரவில் மூச்சுவிட ‘இரும்பு நுரையீரல்’ என்னும் பெரும் உருளைக்குள் படுக்க வேண்டும். ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள அந்தப் பொறியை எந்த மாணவர் விடுதியும் தாங்காது. இவரால் வேலை செய்ய இயலாது என்று மாநில மறுவாழ்வுத் துறை உதவி மறுத்திருந்தது. வளாக மருத்துவ நிலையத்தின் தலைவர் ஹென்றி புரூயின் ஒரு வழி சொன்னார்: மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் தங்கட்டும், நோயாளியாக அன்று, மாணவராக.

இந்த ஒரு சொல்லை ராபர்ட்ஸ் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். மறு ஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்து சேர்ந்தார். 1960-களின் இறுதிக்குள் கைகால் செயலிழந்த மாணவர்கள் பத்துப் பன்னிருவர் அம்மாடியில் வாழ்ந்தனர். எப்போது எழுவது, எப்போது உறங்குவது, உதவியாளராக யாரை வைப்பது என்பவற்றை மருத்துவரா முடிவு செய்வது, தாமா என்று இரவெல்லாம் வாதிட்டனர். தமக்கு ‘ரோலிங் குவாட்ஸ்’ என்று பெயரும் சூட்டிக்கொண்டனர்; சக்கரத்தில் உருளும் முடங்கியோர் என்று கொள்ளலாம். தம்மைத் தாமே கேலி செய்யும் துணிவு அப்பெயரில் இருக்கிறது. 1969-இல் மறுவாழ்வுத் துறை ஆலோசகர் ஒருவர் அவர்களுள் இருவரை வெளியேற்ற முயன்றபோது அனைவரும் திரண்டனர், செய்தித்தாள்களுக்குச் சென்றனர், வென்றனர். 1970-இல் வளாகத்தில் அவர்களே நடத்தும் உதவித் திட்டம் தொடங்கியது: வீடு தேடித் தருவது, உதவியாளரைக் கண்டறிவது, சக்கர நாற்காலி பழுது பார்ப்பது. 1972-இல் நகரத்தில் தற்சார்பு வாழ்வுக்கான மையம் பிறந்தது. உலகெங்கும் பல மையங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று. 1970-களின் நடுவில் ராபர்ட்ஸ் கலிஃபோர்னியாவின் மறுவாழ்வுத் துறைக்கே இயக்குநரானார். ஆம், அவரை இயலாதவர் என்று ஒதுக்கிய அதே துறைக்கு. கோவல் மருத்துவமனை இப்போது இல்லை. அவ்விடத்தில் வணிகவியல் பள்ளி நிற்கிறது.

இன்று தமிழகத்திலிருந்து அமெரிக்கா செல்லும் மாணவர்கள் வகுப்பறைக்கு முன்பாகவே இந்நிலையத்தோடு பழகிவிடுகின்றனர். தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும்; காசநோய்ப் பரிசோதனையும் பல இடங்களில் உண்டு. குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. போட்டுக்கொண்டோர்க்குத் தோல் பரிசோதனை நோயின்றியும் நோய்த்தொற்றைக் காட்டக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நலம். பருவக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் வேறுவேறு என்பதும் பலர்க்கு அங்கு சென்ற பிறகே விளங்குகிறது. வளாக மருத்துவரைப் பார்ப்பது பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடங்கும். அவசரப் பிரிவும் அறுவை மருத்துவமும் அடங்கா. நம்மவர் வீடுகளில் வேறொன்றும் வியப்பூட்டுவதுண்டு. கட்டணம் முழுவதையும் செலுத்திய தந்தை மதுரையிலிருந்து தொலைபேசியில் கேட்டாலும், பதினெட்டு வயது நிறைந்த மகள் எழுத்தில் இசைவு தராதவரை, அவள் அங்கு வந்தாளா இல்லையா என்பதைக்கூட நிலையத்தார் பொதுவாகச் சொல்வதில்லை.