காலணா கார்டு பிறந்த கதை

நான்கு வரிச் சேதிக்கு எதற்கு ஒரு முழுத் தாள், ஒரு உறை, முழுக் கட்டணம்? இந்தக் கணக்கைப் போட்டவர் எமானுவேல் ஹெர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியர். வியன்னாவுக்குத் தெற்கே, வீனர் நாய்ஸ்டட் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். உறையில்லாத ஓர் அட்டையே போதும் என்று 1869 ஜனவரியில் வியன்னா நாளிதழ் ஒன்றில் கட்டுரையாகவே எழுதினார்.

1865இலேயே பிரஷ்யத் தபால் அதிகாரி ஹைன்ரிஷ் ஃபொன் ஷ்டெஃபான் இதே யோசனையைச் சொல்லியிருந்தார்; எடுபடவில்லை. உறையில்லாமல் போகும் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படித்துவிடுவார்களே என்ற தயக்கம். ஆஸ்திரியத் தபால் துறைத் தலைவர் அடால்ஃப் மாலி தயங்கவில்லை. 1869 அக்டோபர் 1ஆம் தேதி உலகின் முதல் அஞ்சலட்டை விற்பனைக்கு வந்தது. கடிதத்துக்கு 5 க்ராய்சர் என்றால், கார்டுக்கு 2தான்.

தந்தி மாதிரி 20 சொற்களுக்குள் எழுத வேண்டும் என்பது ஹெர்மானின் திட்டம். தபால் துறை அந்த வரம்பை எடுத்துவிட்டது. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான். சொற்களை எண்ணியிருந்தால் நலம் விசாரிப்பதற்கே இடம் போயிருக்கும். கார்டு வெறும் தகவல் சீட்டாக நின்றிருக்கும். எழுதியிருக்கும் விஷயத்துக்குத் தபால் துறை பொறுப்பல்ல என்ற குறிப்பை மட்டும் அட்டையிலேயே அச்சிட்டார்கள். முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ 30 லட்சம் கார்டுகள் விற்றன. மறுவருடம் பிரான்ஸ்–பிரஷ்யப் போர் வந்தபோது, உயிரோடு இருக்கிறேன் என்று போர்முனையிலிருந்து வீட்டுக்குச் சொல்லவும் கார்டுதான் போயிற்று.

இந்தியாவுக்கு அது 1879 ஜூலை 1ஆம் தேதி வந்தது. விலை காலணா. கடிதக் கட்டணத்தில் பாதி. ஐரோப்பாவில் தயக்கத்துக்குக் காரணமாக இருந்த அந்த உறையில்லாத் தன்மை இங்கே உதவியாகவே அமைந்தது. எழுத்தறியாத வீட்டுத் திண்ணையில் தபால்காரரே கார்டைப் படித்துக் காட்டினார். பதிலையும் கேட்டு எழுதிக் கொடுத்தார். பிள்ளை பிறந்ததும் பெரியவர் போனதும் ஒற்றை அட்டையில் ஊர் ஊராகப் போயின.

தமிழ் இலக்கியத்துக்கும் இந்த அட்டை நிறையச் செய்திருக்கிறது. எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் விமர்சகர் தி.க.சி.யும் முகம் பார்த்திராத இளம் எழுத்தாளர்களின் கதைகளைப் படித்துவிட்டுக் கார்டில் பாராட்டி எழுதினார்கள். அந்தச் சில வரிகளை நம்பித் தொடர்ந்து எழுதியவர்கள் பலர். ஒரு விமர்சனக் கட்டுரையைவிட அந்தக் கார்டு பெரிது என்பேன். அது ஒரே ஒருவருக்காக எழுதப்பட்டது.

அஞ்சலட்டையின் விலை 50 காசு. தபால் நிலையத்துக்குப் போகும்போது இரண்டு வாங்கி வாருங்கள். உங்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியருக்கு ஒன்று, ஊரில் தனியாக இருக்கும் அத்தைக்கு ஒன்று எழுதிப் போடுங்கள்.