நீராவி யானையும் நானா சாகிபும்

ஊட்டி ட்ரெயின்ல லவ்டேல் தாண்டினா பெர்ன்ஹில். குன்னூரிலிருந்து போட்ட பாதை 1908 செப்டம்பரில் முதலில் இங்கதான் வந்து நின்றது. ஊட்டியைத் தொட இன்னும் ஒரு மாசம் ஆச்சு. நீராவி எஞ்சின் மலை ஏறினது அன்னைக்கு அதிசயம்தான். ஆனா அதுக்கு 28 வருஷம் முன்னாடியே, தண்டவாளமே இல்லாம இந்தியாவில் ஓடும் ஒரு நீராவி யானையை ஜூல்ஸ் வெர்ன் எழுதிட்டார். 1880-ல் வந்த அந்த நாவலின் பேரைத் தமிழில் 'நீராவி வீடு'ன்னு சொல்லலாம்.

கதை நடப்பது 1867-ல். பாங்க்ஸ் என்ற எஞ்சினியர் செய்த இரும்பு யானை, இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து கிளம்புது. உள்ளே கர்னல் மன்ரோ. 1857 கான்பூர் படுகொலையில் மனைவி இறந்துட்டதா நம்புறவர். பழிவாங்க அவர் தேடுவது நானா சாகிபை.

இங்கதான் வரலாறு கதையை ஜெயிக்குது. நிஜ நானா 1859-ல் நேபாளப் பக்கம் போனவர், அப்புறம் என்ன ஆனார்னு உறுதியா யாருக்கும் தெரியாது. 1874-ல் குவாலியரில் ஒருத்தரைப் பிடிச்சு 'இவர்தான் நானா'ன்னாங்க. விசாரிச்சா, அவர் இல்லை. 'ஆள் உயிரோட இருக்காரா?' என்ற கேள்விதான் உண்மையான சஸ்பென்ஸ்.

வெர்ன் அதை ஆரம்ப அத்தியாயத்திலேயே உடைச்சிடுறார். தலைக்கு 2,000 பவுன் விலை. நானா உயிரோட ஊருக்குள்ளேயே நடமாடுறார். மன்ரோவுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். சரி, அதை வச்சாவது பயம் காட்டலாமே? கதை புலி வேட்டைக்குப் போயிடுது. நடுவில் தீப்பந்தத்தோட அலையும், மனநிலை தவறிய ஒரு பெண் வர்றா. அவ யாருன்னு ரெண்டு பக்கத்தில் ஊகிச்சிடலாம்.

ஆனா ஒரு காட்சிக்காகப் படிக்கலாம் (ஸ்பாய்லர் இருக்கு, உஷார்). நானா மன்ரோவைப் பீரங்கி வாயில் கட்டி வைக்கிறார். விடிஞ்சா வெடிப்பாங்க. அந்த ராத்திரியில் தீப்பந்தத்தோட அவ பீரங்கிக்கிட்ட வர்றா. அவதான் மன்ரோவின் மனைவி, ஆனா அவரை அவளுக்கு அடையாளம் தெரியல. இந்த இடத்தில் மூச்சு நிக்கும்.

பீரங்கி வாயில் கட்டிச் சுடுறது பிரிட்டிஷ் படை தந்த தண்டனை. 1764-லேயே ஹெக்டர் மன்ரோ என்ற தளபதி 24 சிப்பாய்களை இப்படிக் கொன்றார். வெர்னின் கர்னலுக்கும் அதே குடும்பப் பேர். நானாவை வில்லனாக்கினவர், அந்தக் கோபத்துக்கான காரணத்தையும் மறைக்கல. சஸ்பென்ஸ் தோத்தாலும், அந்த நேர்மைக்காக நாவல் நிக்குது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.