அரசு லேப்டாப்பின் இன்னொரு பாதி



திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீட்டுப் பரண்களில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் கிடக்கிறது. காயலான் கடைக்குப் போடும் முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள். உங்கள் ப்ளஸ் டூ காலத்துப் படங்கள் இன்னும் அதற்குள் இருக்கலாம்.

2011 தேர்தலில் நம் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதல்வரானார் ஜெயலலிதா. அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கொள்முதல் செய்தது எல்காட். அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது. ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் குடிவைத்திருந்தார்கள்.

பிள்ளைகளுக்குக் குழப்பம் இங்கேதான். லினக்ஸிலிருந்து விண்டோஸ் கோப்புகளைத் திறக்க வழி இருந்தது. பாஸில் சேமித்ததோ விண்டோஸில் கண்ணுக்கே தெரியாது. ஏன்?

ரங்கநாதர் கோயில் சுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழிக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. ஒரு எழுத்து மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு மற்றவை வெறும் கீறல்கள். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸ் அதில் எழுதும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்தது. லினக்ஸின் முறை ஈஎக்ஸ்டி. 1992-ல் தொடங்கி, 2008-ல் ஈஎக்ஸ்டி4 ஆனது.

என்டிஎஃப்எஸ்ஸின் முழு இலக்கணத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. லினக்ஸ் ஆர்வலர்கள் டிஸ்க்கில் பதிந்ததை வரிவரியாக ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். படிப்பது முதலில் கைகூடியது. எழுதுவது ஆபத்தாகவே இருந்தது. ஒரு குறிப்பு பிசகினாலும் உள்ளதெல்லாம் கெடலாம். சபோல்ச் சகசிட்ச் முன்னின்று உருவாக்கிய என்டிஎஃப்எஸ்-3ஜி 2007-ல் நிலைபெற்ற பிறகே பயமின்றி எழுத முடிந்தது. நம் பிள்ளைகள் கைக்கு லேப்டாப் வர நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான்!

எதிர்ப்பக்கம் வேடிக்கை. லினக்ஸின் முறை திறந்த புத்தகம், யாரும் படிக்கலாம். ஆனாலும் விண்டோஸ் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. வெளியார் எழுதிய சில மென்பொருள்கள் இருந்தன. அதைப் பள்ளிப் பிள்ளைக்கு யார் சொல்வது? பூட்டியதைத் தேடிப் படிக்க ஆள் இருந்தது, திறந்து வைத்ததைப் படிக்கத்தான் மனம் இல்லை.

இதனால் இன்றும் ஒரு ஆபத்து உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு விண்டோஸ் கணினியில் இணைத்தால், லினக்ஸ் பகுதியைப் பார்த்து 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று அது கேட்கக்கூடும். 'கேன்சல்' கொடுங்கள். டிஸ்க் காலி என்று அதற்குப் பொருளல்ல. விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஃபார்மட் கொடுத்தால் படங்கள் போச்சு.

சரியான வழி இது. லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்றைச் செருகி அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். இரண்டு பாதியும் தெரியும். வேண்டியதை இன்னொரு பென் டிரைவில் நகலெடுங்கள். அது ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்குப் பெரிய கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் நல்லது. 2019-ல் மைக்ரோசாஃப்டே அதன் விவரங்களை வெளியிட்டது, லினக்ஸும் சேர்த்துக்கொண்டது. 2021-ல் என்டிஎஃப்எஸ்ஸுக்கும் பாராகான் நிறுவனம் எழுதிய புதிய டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இடம்பெற்றது.

இன்னொன்று. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' காரணமாக விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதக் கூடாது. 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்குள் போங்கள்.

கணினி தெரிந்த பிள்ளைகள் தம்பி தங்கைகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இதைச் செய்து கொடுங்கள். வகுப்பறைப் படம் ஏதாவது கிடைத்தால் மறக்காமல் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்